தாம்பூலப் பையில் என் பாடம்

சீ என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்காருகிறேன். சொல்லாவிட்டால் தொண்டையிலேயே நிற்கும். திருட்டு எனக்குப் புதிதில்லை. தில்லிக்கு வந்த புதிதில் பஸ்ஸில் என் பர்ஸை அடித்திருக்கிறார்கள். முனிர்காவில் குடியேறின வாரமே வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைக் கொண்டுபோய்விட்டார்கள். அப்போதெல்லாம் வந்தது கோபம். நாலு நாள் வாயாரத் திட்டிவிட்டு மறந்துவிட்டேன். ஆனால் என்னிடமிருந்து எடுத்ததை என் கண் முன்னாலேயே ஊருக்கு விநியோகம் செய்து, எனக்கு ஒரு பொன்னாடையும் போர்த்தி, நான் கைகூப்பி நன்றி சொல்ல வேண்டும் என்று சிரித்த முகத்தோடு காத்து நின்றார்களே, அவர்களைப் பார்த்தபோது வந்தது அருவருப்பு. அது இன்னும் போன பாடில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றேன். வாழ்நாளெல்லாம் ஃபைலில் குறிப்பு எழுதினதுதான் நான் செய்த வேலை. விடுப்பு விதி, பயணப்படி விதி, நடத்தை விதி எல்லாம் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வேறொன்றும் தெரியாது என்பதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஆபீஸ்களில் இலாகாத் தேர்வு என்று ஒன்று உண்டு. ஃபைல் தூக்குகிறவர்கள், டீ கொண்டுவருகிறவர்கள், வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் அதை எழுதித் தேறினால் குமாஸ்தா ஆகலாம். ஹிந்திக்காரர்களுக்கு இதற்குத் தெருவுக்குத் தெரு கோச்சிங் இருக்கிறது. நம் ஊரிலிருந்து வருகிற பிள்ளைகள்தான் பாவம். ஹிந்தியும் அரைகுறை, இங்கிலீஷும் அரைகுறை. தேர்வை எந்த மொழியில் எழுதினாலும் விஷயம் மண்டையில் ஏறுவதற்குத் தமிழ் வேண்டியிருக்கிறது. வேலையில் இருந்த காலத்திலேயே சனிக்கிழமைகளில் நாலைந்து பேரை வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, ஊரடங்கு வந்து எல்லாரும் வீட்டுக்குள் முடங்கினபோது, என் மகள்தான் அதை ஆன்லைன் வகுப்பாக ஆக்கிக் கொடுத்தாள். அவள் நொய்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். தில்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பால் பொங்கிவிடும்.

கட்டணம் வைத்தேன். ஏன் வைக்கக்கூடாது? இதைக் கேட்டால் ஏதோ கோயில் உண்டியலில் கைவைத்த மாதிரி முகத்தைச் சுளிக்கிறார்கள். அரசாங்கம் நினைத்தபோதெல்லாம் விதியை மாற்றும். மாற்றினால் நான் சுற்றறிக்கையைத் தேடிப் பிடித்து, படித்து, பாடத்தைத் திருத்த வேண்டும். கேமரா, விளக்கு, வலைத்தளம் எதையும் எவனும் எனக்குச் சும்மா தரவில்லை. சும்மா தர வேண்டியவள் நான் ஒருத்திதானாம்.

முதல் வருஷமே தெரிந்துவிட்டது, ஒருத்தர் சேர்ந்தால் ஓர் ஆபீஸே பார்க்கிறது என்று. எனக்கு இதில் ஆச்சரியம் இருந்திருக்கக் கூடாது. எங்கள் ஆபீஸ்களில் நகல் எடுப்பது மூச்சு விடுகிற மாதிரி. ஒருத்தர் கைடு வாங்கினால் மாடி முழுக்க ஜெராக்ஸ் போகும், அதுவும் அரசாங்கத் தாளில், அரசாங்க மெஷினில். நடத்தை விதிகளைப் பற்றிய பாடத்தைத்தான் அதிகம் பேர் திருடிப் பார்த்தார்கள் என்று மகள் கணக்குப் பார்த்துச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டேன். அரசு ஊழியர் எப்போதும் நேர்மையோடு நடக்க வேண்டும் என்று நான் தொண்டை வறளப் பேசுகிறதைத் திருட்டுத்தனமாகப் பார்த்து மனப்பாடம் பண்ணியிருக்கிறார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

"அரே அம்மா, டென்ஷன் ஆகாதே. நான் பூட்டிடறேன்," என்றாள் மகள்.

பூட்டினாள். உள்ளே போக ஒவ்வொரு தடவையும் ஃபோனுக்கு ஓர் எண் வரும். ஓர் ஆளுக்கு ஒரே ஒரு ஃபோனில்தான் திறக்கும். இறக்கிவைத்துக்கொள்ள முடியாது. திரையைப் பதிவு செய்யப் பார்த்தால் கறுப்பாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, பாடம் ஓடுகிறபோது அதைப் பார்க்கிறவருடைய ஃபோன் நம்பர் திரையின் மேல்விளிம்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

"எவனாவது வெளிய விட்டா அவன் நம்பரே அவனை மாட்டிக் குடுத்துடும். பஸ், கதம், அதோட தீர்ந்துது," என்றாள்.

"ஏட்டி, நிஜமாவா?" என்று கேட்டுவிட்டு அவளுக்குப் பிடித்த சேமியாப் பாயசம் வைத்துக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏனென்றால் அந்தப் பூட்டில் முதலில் மாட்டிக்கொண்டவள் காசு கட்டிச் சேர்ந்த ஒருத்தி. பெயர் வேண்டாம். இந்தப் பக்கங்களில் யாருக்குமே பெயர் வைக்கப்போவதில்லை. விழுப்புரம் பக்கத்துப் பெண். அவள் புருஷன் இங்கே ஒரு அமைச்சகத்தில் டிரைவராக இருந்து, பணியில் இருக்கும்போதே செத்துப்போனார். கருணை அடிப்படையில் அவளுக்கு அதே ஆபீஸில் வேலை கொடுத்தார்கள். ஃபைல் தூக்குகிற வேலை. சரோஜினி நகரில் இன்னும் இடிக்காமல் விட்டுவைத்திருக்கிற பழைய குவார்ட்டர்ஸ் ஒன்றில், யாரோ உள்வாடகைக்குக் கொடுத்த அறையில், மகளோடு இருந்தாள். மகள் லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் படிக்கிற சின்னப் பெண்.

சேர்ந்தபோதே என்னிடம் சொன்னாள், "மேடம், ஃபைலைத் தூக்கறவளாவே ரிட்டயர் ஆகக்கூடாது. அதுல எழுதணும். வயசு வரம்பு பாத்தா எனக்கு இதான் கடைசி தடவ. இத விட்டா அவ்ளோதான்."

அவள் படித்த மாதிரி யாரும் படிக்கவில்லை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் காதில் என் குரல்தான். புரியாததை எழுதிவைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணிக் கேட்பாள். கேள்விகளெல்லாம் சரியான இடத்தில் இருக்கும். இவள் தேறிவிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இவளைக் குமாஸ்தா நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால் போதும், நான் இத்தனை வருஷம் கத்தினதற்கு அர்த்தம் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் சரோஜினி நகர் பஸ் ஸ்டாப் நெரிசலில் அவள் ஃபோன் விழுந்து, மேலே ஒருத்தன் மிதித்துவிட்டான். பழைய ஃபோன் ஒன்று தேடி வாங்கியிருக்கிறாள். அதில் திறந்தால், இது வேறு கருவி, அனுமதி இல்லை என்று வந்திருக்கிறது. திரும்பத் திரும்ப முயன்றிருக்கிறாள். சந்தேகத்துக்குரிய நடவடிக்கை என்று மொத்தமாகவே அடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுப் படியேறி வந்து, உடைந்த ஃபோனையும் இப்போது வாங்கின ஃபோனையும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"மேடம், நான் திருடி இல்ல மேடம்," என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மகளுக்கு ஃபோன் போட்டு, "ஜல்தி திறந்துவிடுட்டி, அந்தப் பொம்பள வாசல்ல நிக்கா," என்று கத்தினேன். திறந்துவிட்டாள். அந்தப் பெண் காப்பி குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் சில விதிகள் மாறின. ஒருவகை விடுப்பு இருக்கிறது. முன்னெல்லாம் அதற்குத் துறைத் தலைவர் ஒப்புதல் கொடுக்க வேண்டும். இப்போது ஆபீஸ் தலைவரே கொடுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். இந்த மாதிரி அங்கங்கே இன்னும் சில மாற்றங்கள். எனக்கோ வைரல் காய்ச்சல் வந்து குரலே எழும்பவில்லை. பாடத்தைப் புதிதாகப் பேசிப் பதிவு செய்ய வழியில்லை. மகள்தான் யோசனை சொன்னாள். பழைய பாடம் அப்படியே ஓடட்டும், எங்கெங்கே மாறியிருக்கிறதோ அங்கே திரையின் மேல்பக்கம் சிவப்பு எழுத்தில் திருத்தத்தைப் போட்டுவிடலாம், குரல் சரியானதும் புதிதாகப் பேசலாம் என்றாள். அப்படியே செய்தோம். சேர்ந்திருந்த எல்லாருக்கும், மேலே சிவப்பில் வருவதைக் கட்டாயம் பாருங்கள் என்று செய்தியும் அனுப்பினேன்.

சரஸ்வதி பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் ஃபோன் வந்தது. லக்ஷ்மிபாய் நகர் பக்கம் ஒரு தமிழ்ச் சங்கம், அதன் செயலாளர் பேசினார். பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர்க்காரர். ஊருக்கெல்லாம் அவர் 'ஐயா'. என் மேல் நிறைய மரியாதை உண்டு என்றார்.

"உங்க சேவையைப் பாராட்டி ஒரு சின்ன விழாம்மா. பூஜை அன்னிக்கே வெச்சுக்கலாம். உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸும் இருக்கு," என்றார்.

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. இருக்கிறதிலேயே நல்ல பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனேன். "பையா, மெதுவாகப் போ, புடவை கசங்கும்," என்று ஆட்டோக்காரனிடம் ஹிந்தியில் கொஞ்சினது இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஹாலில் கொலு மாதிரி ஜோடனை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் பாடப்புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் வைத்திருந்தார்கள். கொண்டைக்கடலைச் சுண்டல் வாசனை. எனக்குத் தெரிந்த முகங்கள் நிறைய. பாதிப் பேர் ஏதாவது ஒரு ஆபீஸில் ஏதாவது ஒரு நாற்காலியில் இருந்தவர்கள், இருப்பவர்கள். வாசல் பக்கம் மேஜையில் மஞ்சள் தாம்பூலப் பைகள் வரிசையாக இருந்தன. என் விழுப்புரத்துப் பெண்ணும் அங்கேதான் நின்று பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தாள். சங்கத்தில் என்ன விசேஷம் என்றாலும் இந்த மாதிரி வேலைக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். அங்கேயும் தூக்குகிற வேலைதான்.

என்னைப் பார்த்ததும் ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் முகம் சரியாயில்லை.

"மேடம், இதுல நீங்க இருக்கீங்க," என்றாள்.

பையைப் பிரித்துப் பார்த்தேன். தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு, வாழைப்பழம். அதோடு ஒரு பென்டிரைவ். அதன் மேல் தபால்தலை அளவில் என் ஃபோட்டோ ஒட்டியிருந்தது. நெற்றியில் குங்குமம்கூட வைத்திருந்தார்கள், ஃபோட்டோவுக்கு.

என்ன ஏது என்று நான் கேட்பதற்குள் ஐயா வந்துவிட்டார். என் கையைப் பிடிக்காத குறையாக ஹாலின் ஓரத்தில் இருந்த பெரிய டிவிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். அதில் என் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஃபோன் திரைக்கு முன்னால் இன்னொரு ஃபோனை நிறுத்தி எடுத்த படம். நான் பேசிக்கொண்டிருக்கிறேன், பின்னால் எவர் வீட்டுக் குக்கரோ விசில் அடிக்கிறது. நான் பயணப்படியை விளக்குகிறேன், ஒரு அம்மாள், பால் வந்துவிட்டதா என்று, "தூத் ஆகயா க்யா?" என யாரிடமோ கத்துகிறாள். படத்தின் மேல்பக்கம் முழுக்க ஒரு கறுப்புப் பட்டை.

"எப்படி இருக்கு!" என்றார் ஐயா. "நம்ம உறுப்பினர் ஒருத்தர் உங்ககிட்ட சேர்ந்திருந்தார். காப்பி எடுக்க விடமாட்டேங்குதுன்னார். விடுவோமா? இதுக்குன்னு ஒரு சப்-கமிட்டியே போட்டோம்மா. அவர் ஃபோனை முறை போட்டு வாங்கிட்டுப் போய், வீட்டுல இருக்கற லேடீஸ் ஆளுக்கொரு பாடமா உட்கார்ந்து எடுத்துக் குடுத்துட்டாங்க. அந்த நம்பர் ஒண்ணு மேல ஓடிக்கிட்டே இருந்துது, பார்க்க அசிங்கமா இருந்துது. பட்டை போட்டு மறைச்சுட்டோம்."

சப்-கமிட்டி! திருடுவதற்குத் தலைவர், உறுப்பினர், கூட்டம், காப்பி, பிஸ்கட். இப்படி ஒரு காரியத்தை உலகத்தில் வேறு எந்த ஜனமும் செய்யாது. ஒரு கள்ளன்கூட இருட்டில் தனியாக வருவான். இவர்கள் தீர்மானம் நிறைவேற்றிவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த மனுஷர் முகத்தில் துளி குற்ற உணர்ச்சி வேண்டுமே! குழந்தைக்குப் பொம்மை வாங்கி வந்தவர் மாதிரி நிற்கிறார்.

"இது என்ன வேலை சார்? இது நான் காசு வாங்கி நடத்துற வகுப்பு," என்றேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. இன்னிக்கு சரஸ்வதி பூஜை. வித்யா தானம் பண்ற நாள். கல்வியை விக்கலாமா? நீங்க நம்ம ஆளு இல்லையா? நம்ம ஆளு பாடம் நம்ம ஜனத்துக்குப் போகக்கூடாதா?"

நம்ம ஆளு! இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது உடம்பு எரிகிறது. பக்கத்துத் தெரு கோச்சிங்கில் ஹிந்திக்காரனுக்குப் பொத்திக்கொண்டு கட்டணத்தைக் கட்டுவார்கள். அவன் ரசீது கூடக் கொடுக்க மாட்டான். நம்ம ஆளு என்றால்தான் உரிமையாகக் கைவைப்பார்கள்.

என் பக்கத்திலேயே நின்றிருந்த அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "அப்போ, இத்தன பேர்ல நான் மட்டுந்தான் காசு கட்டனேனா மேடம்?"

போன குளிரில் மகளுக்கு வாங்கவேண்டிய கோட்டை இந்த வருஷத்துக்குத் தள்ளிப்போட்டுவிட்டு என்னிடம் சேர்ந்தவள் அவள். நான் வாயைத் திறப்பதற்குள் ஐயா முந்திக்கொண்டார்.

"நீ ஏம்மா கட்டினே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனே! வெகுளியா இருக்கியே!"

கிண்டல்கூட இல்லை. நிஜமான கருணையோடு சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "அய்யோ பாவம், கட்டிட்டாளாம்," என்று ஒரு மாமி இன்னொரு மாமியிடம் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பெண்ணும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் எனக்கு வந்த வார்த்தையை எல்லாம் பேசினேன். "அடுத்தவ வீட்டு அடுக்களையில பூந்து பானையைத் தூக்கிட்டு வந்து பந்தி போட்டா அதுக்குப் பேரு அன்னதானமா? எனக்குத் தெரியாம எடுத்தீங்க, என் மூஞ்சியை ஒட்டி வெத்தலை பாக்கோட வெச்சுக் குடுக்கீங்க. கூசலையா உங்களுக்கு? இன்னொண்ணு கேட்டுக்கிடுங்க. அந்தப் பட்டைக்குக் கீழ திருத்தம் இருக்கு. விதி மாறியிருக்கு. அதைப் பார்க்காம படிச்சா..."

அவ்வளவுதான். ஐயா சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கிக்கொண்டார். "மேடம் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. அவங்க கண்டிப்பு நமக்குத் தெரிஞ்சதுதானே," என்றார். கை தட்டினார்கள். தட்டினார்களே, தட்டினார்கள்! பொன்னாடையைக் கொண்டுவந்து என் தோளில் போட்டு, ஃபோட்டோவுக்கு இந்தப் பக்கம் பாருங்கள் என்றார்கள். நான் அதை உருவி நாற்காலியில் எறிந்துவிட்டு இறங்கினேன். சுண்டல் தயார் என்று யாரோ அறிவித்தார்கள். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. ஒருத்தி மட்டும் என்னை வழிமறித்து, பாடத்தின் இரண்டாம் பாகம் எப்போது வரும், அதையும் ஐயாவிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

மகளுக்குக் கோபம் தலைக்கேறியது. வக்கீல் நோட்டீஸ் விட வேண்டும் என்றாள். விட்டோம். அதற்கு ஐயாவிடமிருந்து பதில் வரவில்லை. யார் யாரோ தெரிந்தவர்கள் ஃபோன் பண்ணினார்கள். நமக்குள்ள கேஸா, வெளியூர்ல வந்து நம்ம மானத்தை நாமே வாங்கலாமா என்று எனக்குப் புத்தி சொன்னார்கள். அவர்களுக்கு மானம் என்பது எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், என்னமோ நான் அவர்கள் வீட்டில் திருடினவள் மாதிரி.

நான் அடுத்துத் தொடங்கின இரண்டாம் பாகத்துக்குப் புதிதாக யாரும் சேரவில்லை. அது போகட்டும். என்னை அரித்தது வேறு. சரஸ்வதி பூஜைக்குப் பிறகு அந்தப் பெண் என் வகுப்பைத் திறக்கவே இல்லை. மகள் பார்த்துச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஃபோனும் நின்றுபோயிற்று. நானே கூப்பிட்டேன்.

"படிக்கறேன் மேடம், நல்லா படிக்கறேன்," என்றாள். "ஐயா குடுத்ததத்தான் டிவில போட்டுப் பாக்கறேன். பெரிசா தெரியுது. ஓடிபி கேக்கறதில்ல, மாட்டிக்கறதில்ல."

"அட, உனக்குத்தான் நல்ல படமே இருக்கே! நீ காசு கட்டினதும்மா அது. திறந்து பாரேன்."

அவள் சொன்னாள். "அதத் தொறந்தாலே எல்லாரும் சிரிச்சது ஞாபகம் வருது மேடம்."

இருந்தாலும் விடவில்லை. "சரி, அந்தப் படத்துல மேல மறைச்சிருக்காங்க. திருத்தமெல்லாம் அங்கதான் இருக்கு. தேர்வுக்கு முன்னாடி ஒரு தடவையாவது என்னோடதைத் திறந்து சிவப்பு எழுத்தைப் பாத்துரு. சொல்லுதது கேக்குதா?"

"பாக்கறேன் மேடம். மாத்தம் வந்தா தனியா டைப் அடிச்சுத் தரேன்னு ஐயாவும் சொல்லியிருக்காரு," என்றாள்.

ஐயா எதை அடித்துத் தந்தார்? அவருக்கு அடுத்து பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம் ஏற்பாடு பண்ணுகிற வேலை இருந்தது. நான் திருத்தங்களை எல்லாம் செய்தியாகவே அவளுக்கு அனுப்பினேன். அந்தப் பழைய ஃபோன் அன்றைக்கு அதை வாங்கியதா இல்லையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். மறுபடி ஃபோன் பண்ணினேன், எடுக்கவில்லை. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தேர்வு நல்ல குளிரில் வந்தது. காலையில் எதிர்வீடு தெரியாத பனிமூட்டம். மத்தியானம் அடுப்படியில் இருந்தேன்; ஃபோன் அடித்தது. அவள்தான். தேர்வு மையத்து வாசலிலிருந்தே கூப்பிட்டிருக்கிறாள். பின்னால் ஹாரன் சத்தம், வண்டிக்காரர்கள் கத்துகிற சத்தம். அதையெல்லாம் மீறி அவள் குரல் துள்ளியது.

"மேடம்! நல்லா எழுதியிருக்கேன் மேடம்! அந்த லீவு கேள்வி வந்துச்சு. கட்டாயக் கேள்வி மேடம், அதுக்குத்தான் மார்க்கே. அதுல தப்பினா அவ்ளோதான். பக்கத்துல இருந்தவங்கல்லாம் முழிச்சாங்க, நான் கடகடன்னு எழுதிட்டேன்."

அடுப்பை அணைத்தேன்.

"யாரு ஒப்புதல் தரணும்னு எழுதினே?"

"துறைத் தலைவர்தான் மேடம்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். முடிவு வரும்வரைக்குமாவது அவள் சந்தோஷமாக இருந்திருப்பாள். எனக்கு மறைக்கிற பழக்கம் கிடையாது. "அது மாறிப்போச்சும்மா. இப்ப ஆபீஸ் தலைவர்," என்றேன்.



"இல்ல மேடம்," என்றாள். "துறைத் தலைவர்னு நீங்கதானே சொன்னீங்க. உங்க வாயாலயே சொன்னீங்க மேடம். நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேனே."